12/3 என்பது மார்ச் மாதம் அல்ல!

(இரண்டாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது கவிதைதான் எழுதலாம் என்று நினைத்தேன். கவிதை எழுத நம் துறையிலேயே பதினோரு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அதனால் என் சொந்த அனுபவத்தில் பட்ட ஒரு தொழில்நுட்ப விஷயத்தை எழுதுகிறேன். விஷயம் சின்னது. ஆனால் எங்கள் தெருவில் ஒன்பது குடும்பங்களை ஒரு ராத்திரி தூங்கவிடாமல் செய்த விஷயம்.

எனக்கு ஊர் கூத்தாநல்லூர். ஊருக்குள் கடைத்தெருவைப் பார்த்தவர்கள் 'சின்ன சிங்கப்பூர்' என்பார்கள். ஊரை விட்டு வெளியே கொஞ்ச தூரம் போனால் நாலாபுறமும் வயல்தான். என் அப்பா மூணு மா நிலம் குத்தகைக்கு எடுத்து உழுகிறார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். அதனால் தெருவில் எந்த விண்ணப்பம் வந்தாலும், "நம்ம பாலிடெக்னிக் தம்பிகிட்ட கொடு" என்று என்னிடம் வந்துவிடும். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் சமயத்தில் பெய்த மழையில் சம்பா பயிர் தண்ணீரில் நின்றது ஞாபகம் இருக்கும். 2025 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களின் விவரம் கேட்டார்கள். பெயர், சர்வே நம்பர், பரப்பு, பயிர், போன் நம்பர். எங்கள் தெருவில் நாற்பத்தொரு பேர். நான் ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஸ்ப்ரெட்ஷீட்டில் மளமளவென்று அடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். சரிபார்க்கவில்லை. பெருமை கண்ணை மறைத்தது என்றே சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்துத் தாள் திரும்பி வந்தது. "ஒன்பது பேருக்கு சர்வே நம்பரே இல்லை" என்று சிவப்பு மையில் சுழித்திருந்தது. அதில் எங்கள் அப்பா பெயரும் ஒன்று. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எண் தெரியும். தாளைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, நம்ம நிலம் 12/3 தானே? இங்க 3-ஐக் காணலியே, ஏதோ எழுத்துல்ல இருக்கு?" அங்கே '12-மார்' என்று இருந்தது. அதாவது மார்ச் 12!

நடந்தது இதுதான். நான் 12/3 என்று அடித்தேன். ஸ்ப்ரெட்ஷீட் அதைப் பார்த்து, "ஓ, இது தேதி" என்று தானாக முடிவு கட்டிவிட்டது. 112/3 என்று அடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் 112-ஆம் தேதி என்று ஒன்று கிடையாது. 12/3ஏ என்று இருந்தவர்களுக்கும் தப்பியது. மாட்டியது சின்ன எண்காரர்கள் மட்டும். எல்லாம் தவறாக இருந்திருந்தால் நானே கவனித்திருப்பேன். முப்பத்திரண்டு சரியாக இருந்து ஒன்பது மட்டும் தவறியதால்தான் கண்ணில் படவில்லை.

சரி, திருத்திவிடலாம் என்று அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றினேன். உடனே 45728 என்று வந்தது! வயிற்றில் புளியைக் கரைத்தது. பிறகுதான் தெரிந்துகொண்டேன்: ஸ்ப்ரெட்ஷீட் தேதியைத் தேதியாகச் சேமிப்பதில்லை. 1900-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்து எத்தனையாவது நாள் என்று எண்ணி வைக்கிறது. 2025 மார்ச் 12 என்பது 45728. ஆண்டு நான் அடிக்கவே இல்லை, அதுவாக அந்த ஆண்டைச் சேர்த்துக்கொண்டது. மூலத்தில் நான் அடித்த 12/3 உள்ளே எங்குமே இல்லை. அழிந்தே போய்விட்டது. அன்று இரவு டார்ச் எடுத்துக்கொண்டு நாற்பத்தொரு வீட்டுக்கும் மறுபடி போய், சிட்டாவை வாங்கிப் பார்த்து, கையால் எழுதி, காலையில் கொடுத்தேன். கடைசி தேதிக்கு ஒரு நாள் பாக்கி இருந்தது. பிழைத்தோம்.

இந்த வேதனை எனக்கு மட்டும் வந்தது அல்ல நண்பர்களே. உலகத்தின் பெரிய விஞ்ஞானிகளுக்கும் வந்திருக்கிறது. மனித மரபணுக்களில் 'மார்ச்1', 'செப்ட்1' என்று சுருக்கப் பெயர் கொண்டவை இருந்தன. எக்செலில் அடித்தால் அவை மார்ச் முதல் தேதி, செப்டம்பர் முதல் தேதி ஆகிவிடும். 2016-இல் வந்த ஓர் ஆய்வு, எக்செல் பட்டியல் இணைத்து வெளியான மரபணுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருக்கிறது என்று காட்டியது. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்! மார்ச்1 என்பது 'மார்ச்எஃப்1' ஆனது, செப்ட்1 என்பது 'செப்டின்1' ஆனது. 2023-இல்தான் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதி எக்செலில் வந்தது. அவர்கள் மரபணுப் பெயரை மாற்றலாம். எங்கள் அப்பா சர்வே நம்பரை மாற்ற முடியுமா?

இப்போது பாடத்துக்கு வருவோம். ஒரு டேட்டாவுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று, அது எப்படிச் சேமிக்கப்படுகிறது: எழுத்தா, எண்ணா, தேதியா. இதை 'டேட்டா டைப்' என்று முதலாம் ஆண்டிலேயே சி மொழியில் படித்துவிட்டோம். இன்னொன்று, அது வாழ்க்கையில் என்ன: ஊரா, பின்கோடா, போன் நம்பரா, நிலத்தின் அடையாளமா, எடையா. இதைப் 'பொருள் வகை' என்று சொல்லலாம். பவர் பிஐ மென்பொருளில் இதற்கு 'டேட்டா கேட்டகரி' என்று பெயர். டேப்லோ மென்பொருளில் இடங்களுக்கு மட்டும் 'ஜியோகிராஃபிக் ரோல்' என்று வைத்திருக்கிறார்கள். வரைபடம், பட்டை, வட்டம் என்று டேட்டாவைப் படமாக்கிப் பார்க்கும் மென்பொருள்கள் இவை. டைப்பை மட்டும் சொல்லிவிட்டுப் பொருளைச் சொல்லாவிட்டால் இவை தாமாக ஊகிக்கும். ஊகம் பாதி நேரம் சரியாக இருக்கும். ஆபத்தே அந்தப் பாதியில்தான்.

பின்கோடை எடுத்துக்கொள்ளுங்கள். கூத்தாநல்லூர் 614101, மன்னார்குடி 614001, திருவாரூர் 610001. மூன்றும் பார்வைக்கு எண். மென்பொருள் என்ன செய்யும்? கூட்டும். 18,38,103 என்று கொட்டை எழுத்தில் விடை கொடுக்கும். அந்த விலாசத்துக்கு எந்தத் தபால்காரராலும் போக முடியாது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் வந்தது. முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவுப் பக்கம். முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்று தபால் நிலையம். அதாவது இது எண் வேஷம் போட்ட ஒரு விலாசம். இதைக் கூட்டவும் கூடாது, சராசரி எடுக்கவும் கூடாது. பவர் பிஐயில் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து டேட்டா கேட்டகரியில் 'போஸ்டல் கோட்' என்று வைக்க வேண்டும். பக்கத்திலேயே உள்ள 'சம்மரைசேஷன்' என்ற இடத்தில் 'டோன்ட் சம்மரைஸ்' என்று சொல்லிவிட வேண்டும். பெயருக்கு முன்னால் சிக்மா குறி தெரிந்தால், "இதைக் கூட்டப் போகிறேன்" என்று அது மிரட்டுகிறது என்று பொருள். டேப்லோவில் அளக்கும் பத்திகளை 'மெஷர்' என்றும் பிரித்துப் பார்க்கும் பத்திகளை 'டைமன்ஷன்' என்றும் இரண்டாகப் பிரித்து வைக்கும். பின்கோடு மெஷர் பக்கம் போய் உட்கார்ந்திருந்தால் இழுத்து டைமன்ஷன் பக்கம் போடுங்கள்.

போன் நம்பரும் இதே ஜாதகம்தான். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நம்பர் இருக்கும். 0065 என்று அடித்தால் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள இரண்டு சைபரையும் முழுங்கிவிடும். சைபருக்கு மதிப்பில்லை என்பது கணக்குக்குச் சரி. பேங்காக் போன மாமாவுக்குப் போன் போட வேண்டுமானால் அந்தச் சைபர் வேண்டும்.

ஊர்ப் பெயர்கள் தனிக் கூத்து. மூன்றாம் செமஸ்டர் மினி புராஜெக்டுக்கு அணைகளின் கொள்ளளவை மேப்பில் வட்டமாகப் போட்டுக் காட்டலாம் என்று எடுத்தேன். மாவட்டம் என்ற பத்தியில் மேட்டூருக்கு 'சேலம்', பவானிசாகருக்கு 'ஈரோடு' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தேன். பவானிசாகரின் 32.8 டி.எம்.சி. வட்டம் ஒழுங்காக ஈரோட்டில் வந்து உட்கார்ந்தது. மேட்டூரின் 93.47 டி.எம்.சி.யைக் காணோம்! மேப்பைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தால் அமெரிக்காவில், பசிபிக் கடலோரத்துப் பக்கம் பெரிய வட்டமாக நிற்கிறது. ஆரிகன் மாநிலத்தின் தலைநகருக்கும் சேலம் என்றுதான் பெயராம். மாசசூசெட்ஸிலும் ஒரு சேலம் இருக்கிறது. காவிரித் தண்ணீர் கர்நாடகத்தைத் தாண்டி வருவதே பெரும்பாடு, இப்போது அமெரிக்காவிடமும் கேட்க வேண்டுமா என்று வகுப்பே சிரித்தது.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, 'சேலம்' என்பது வெறும் எழுத்து அல்ல, அது இடம் என்றும், எந்த மட்டத்து இடம் என்றும் சொல்வது. நகரமா, மாவட்டமா, மாநிலமா என்பதற்குத் தனித்தனி வகை உண்டு. கூடவே பக்கத்துப் பத்திகளில் தமிழ்நாடு, இந்தியா என்று கொடுத்து அவற்றுக்கும் வகை சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, நேராக அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்து, அந்தப் பத்திகளுக்கு 'லாட்டிட்யூட்', 'லாங்கிட்யூட்' என்று வகை வைப்பது. கூத்தாநல்லூரை ஆங்கிலத்தில் நாலு பேர் நாலு விதமாக எழுதுகிறார்கள். அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டாவது வழியே உத்தமம்.

மாவட்டம் என்று சொன்னதும் இன்னொன்று. என் அப்பாயி இன்றைக்கும் "தஞ்சாவூர் ஜில்லா" என்றுதான் சொல்லும். தப்பில்லை. 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997 ஜனவரி 1-இல் திருவாரூர் பிரிந்தது, 2020 டிசம்பரில் மயிலாடுதுறை வந்தது. 1985-ஆம் ஆண்டு நெல் விளைச்சலையும் 2022 விளைச்சலையும் 'தஞ்சாவூர்' என்ற ஒரே பெயரில் பட்டை போட்டால், தஞ்சாவூரில் விவசாயமே படுத்துவிட்டது என்று படம் காட்டும். படுத்தது விவசாயம் அல்ல, எல்லைக்கோடு. பெயர் ஒன்றுதான், பொருள் வேறு. இதற்கு எந்த மென்பொருளிலும் பொத்தான் கிடையாது. போடுகிறவனுக்கு ஊர் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

தேதிக்கு மறுபடி வருகிறேன், அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12 என்று டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2020, 2021, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் அன்றுதான் திறந்தார்கள். 2022-இல் முன்கூட்டியே மே 24. 2024-இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. இதை நம் வழக்கப்படி 12/06/2020, 24/05/2022, 28/07/2024 என்று அடித்துக் கொடுங்கள். கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால், மாதத்தை முதலில் படிக்கும். 12/06 என்பது டிசம்பர் 6 ஆகிவிடும். 24-ஆவது மாதம், 28-ஆவது மாதம் கிடையாது. ஆகவே அவை தேதியே இல்லை என்று தள்ளிவிடும். படத்தில் என்ன வரும்? நாலு வருஷம் மேட்டூர் டிசம்பரில் திறந்தது, இரண்டு வருஷம் திறக்கவே இல்லை! அப்படி ஒரு படத்தை வீட்டில் காட்டினேன். அப்பாயி கேட்டது: "கார்த்திகையில எவன்டா மேட்டூரத் தொறப்பான்?" என் லேப் ரெக்கார்டில் இல்லாத 'வேலிடேஷன்' அது.

ஆக, கோப்பை உள்ளே இழுக்கும்போதே 'லொகேல்' என்ற இடத்தில் இங்கிலீஷ் (இந்தியா) என்று சொல்லுங்கள். இல்லையென்றால் 2020-06-12 என்று ஆண்டை முன்னால் போட்டு அடியுங்கள். அதற்கு இரண்டாவது அர்த்தம் எடுக்க வழியில்லை.

இனி வரிசை. எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1946-இல் 'சயின்ஸ்' இதழில், அளவைகள் நாலு விதம் என்று எழுதினார். வெறும் பெயர், வரிசை உள்ள பெயர், இடைவெளி மட்டும் பொருள் உள்ள எண், உண்மையான பூஜ்யம் உள்ள எண். கேட்கக் கடினம், வயலில் சுலபம். நெல் ரகத்தின் பெயர் வெறும் பெயர், அதில் மேலே கீழே கிடையாது. குறுவை, சம்பா, தாளடி என்பது காலத்தில் வரிசை உள்ள பெயர். வெயில் 40 டிகிரி என்றால் 20 டிகிரியைப் போல இரண்டு மடங்கு சூடு என்று சொல்ல முடியாது, இடைவெளிதான் பேசும். நெல் எடையோ பூஜ்யத்தில் தொடங்குவது, 80 கிலோ 40 கிலோவுக்கு இரண்டு மடங்குதான்.

இதில் வேடிக்கை, குறுவை, சம்பா, தாளடியை அகர வரிசையில் அடுக்கினாலும் சரியாகவே வந்துவிடும். க, ச, த! ஆங்கிலத்திலும் அப்படியே. இதை நம்பித் தமிழ் மாதங்களைக் கொடுத்துவிடாதீர்கள். ஆடி முதல் மாதமாகும், சித்திரை நடுவில் போகும், வைகாசி வருஷக் கடைசிக்குத் தள்ளப்படும். ஆகவே பக்கத்தில் 1 முதல் 12 வரை ஒரு பத்தி வைத்து, பவர் பிஐயில் 'சார்ட் பை காலம்' என்று கொடுக்க வேண்டும். வண்ணத்துக்கும் இதே விதி. பிரான்சு நாட்டு ஜாக் பெர்டின் 1967-இல் ஒரு முழு நூலே எழுதினார் இதற்கு. வெறும் பெயர்களுக்குத் தனித்தனி நிறம், வரிசை உள்ளவற்றுக்கு ஒரே நிறத்தில் வெளிர் முதல் அடர்த்தி வரை. சம்பாவுக்கு இளம் பச்சை, தாளடிக்குக் கரும் பச்சை போட்டால், பார்க்கிறவர் தாளடி ஏதோ 'அதிகம்' என்று நினைப்பார்.

கூட்டக்கூடாத உண்மையான எண்ணும் உண்டு. நெல்லின் ஈரப்பதம். கொள்முதல் நிலையத்தில் பொதுவான உச்சவரம்பு 17 சதவீதம், மழைக் காலத்தில் சில சமயம் தளர்வு கொடுப்பார்கள். 17, 18, 16 என்று மூன்று நாள் அளவை மென்பொருள் கூட்டி 51 சதவீதம் என்று காட்டும். அது நெல் அல்ல, குட்டை! சரி, சராசரி எடுக்கச் சொன்னோம் என்று வையுங்கள். 10 மூட்டையில் 20 சதவீதம், 90 மூட்டையில் 16 சதவீதம். சும்மா சராசரி 18. மூட்டைக் கணக்கோடு எடுத்தால் 16.4. ஒன்று வரம்புக்கு மேலே, ஒன்று கீழே. (நிஜத்தில் குவியல் குவியலாகத்தான் பார்ப்பார்கள், இது கணக்குக்காகச் சொன்னது.)

அலகு என்பது இந்த மென்பொருள்கள் கண்டுகொள்ளாத விஷயம். பரப்பு 3 என்று எழுதினால் அது மூணு மாவா, மூணு ஏக்கரா, மூணு ஹெக்டேரா? எங்கள் பக்கம் மூணு மா சேர்ந்தால்தான் ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். நான் அடித்த பட்டியலில் எங்கள் அப்பா மாவில் சொன்னார், எதிர்வீட்டு சித்தப்பா ஏக்கரில் சொன்னார். இரண்டையும் ஒரே பத்தியில் அடித்திருந்தேன். நல்லவேளை, சர்வே நம்பர் தவறியதால் தாள் திரும்பி வந்தது! வராமல் போயிருந்தால் எங்களுக்கு மூன்று மடங்கு நிலம் வந்திருக்கும், பிறகு கேள்வியும் வந்திருக்கும். டேட்டா கேட்டகரி பட்டியலில் 'மா' என்று ஒன்று கிடையாது. நாமே பக்கத்தில் 'அலகு' என்று ஒரு பத்தி வைக்க வேண்டும்.

இதெல்லாம் புதுசு என்று நினைத்தால், கிராம நிர்வாக அலுவலகத்தில் அடங்கல் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். நன்செய், புன்செய், புறம்போக்கு. எந்தப் போகம், எந்தப் பயிர், எந்தத் தண்ணீர். ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் முன்பே எழுதி வைத்திருக்கிறது. கட்டம் தவறி எழுத முடியாது. ஆண்டைக் கூடப் பசலி என்று தனி வகையாக வைத்திருக்கிறார்கள். ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிவது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. ஜூன் 12-இல் திறந்த தண்ணீர் ஒரு பசலியில், அதில் விளைந்த குறுவையின் அறுவடை அடுத்த பசலியில்! ஆண்டு என்று பொதுவாகப் போட்டால் இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது.

பழக விரும்பும் நண்பர்களுக்கு: பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம். டேப்லோ பப்ளிக்கும் இலவசம், ஆனால் அதில் ஏற்றியதை உலகமே பார்க்கும். தெருக்காரர்கள் போன் நம்பர் உள்ள பட்டியலை மறந்தும் ஏற்றாதீர்கள்.

போன மாதம் தெருவில் மறுபடி ஒரு பட்டியல் கேட்டார்கள். இந்தத் தடவை பெயர் அடிப்பதற்கு முன்பே சர்வே நம்பர் பத்தி முழுவதையும் 'டெக்ஸ்ட்' என்று அமைத்தேன், அலகுக்குத் தனிப் பத்தி வைத்தேன். பிரிண்ட் எடுத்து நேராக அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து, நாற்பத்து மூன்று வரியையும் பார்த்தார். இரண்டு பேர் புதுசாகச் சேர்ந்திருந்தார்கள். ஒருவருடைய எண்ணில் விரல் நின்றது. "இது 14/2 இல்ல தம்பி, 14/7. அவன் வரப்பு எனக்குத் தெரியும்" என்றார். போய்க் கேட்டுப் பார்த்தேன். 14/7 தான்.